தென்மதகைத் திறந்த கொற்றி குறித்து

நீர் நிற்க. நீரைத் தாங்கும் கரை நிற்க. கரையை நம்பிக் கண்ணயர்வோர் நலமே எழுக.

கோடல் நாட்டின் ஏரிகள் அனைத்துக்கும் உரியவரும், முடி சூடிய நாளில் கரைமண்ணைத் தொட்டுச் சூளுரைத்தவருமாகிய பெருங்கோ நன்முல்லையரசியார் திருவாய் மொழிந்தருள, அதை மொழிந்தபடியே திருவோலை நாயகம் பரிதி எழுதும் ஓலை. மருதந்துறைக் கல்விப் பெருஞ்சாலையின் முதல்வரும், ஆறு சாலைகளை ஒரே மதிலுக்குள் வைத்துக் காக்கும் பொறுமை உடையவருமாகிய வழுதியார் காண்க. உம் சாலையின் ஆசிரியரும் மாணாக்கரும் மடைப்பள்ளியும் நலமென்று நம்புகிறோம். இங்கு அரண்மனை நலம். மேற்குக் கூரை மட்டும் ஒழுகுகிறது.

நீர்ச்சாலைத் தலைவர் வில்லவனார் உம் வழியாக விடுத்த முறையீடு நம்மை வந்தடைந்தது. தம் சாலையின் இளைய ஆசிரியை கொற்றி என்பவள் சாலைத் தலைவரின் மோதிர ஆணை இன்றிப் பேராவி ஏரியின் தென்மதகைத் திறந்தாள் என்றும், திறந்த நீரில் தம் வாழைத்தோப்பு மூழ்கியது என்றும், ஆகவே அவளைச் சாலையிலிருந்து விலக்கி இனி எந்த ஏரிக்கரையிலும் கால் வைக்காதபடி தடுக்க வேண்டும் என்றும் அவர் கேட்டிருக்கிறார். ஆய்வுகளுக்குப் பொருள் வழங்கும் கூட்டுக்கொடைக் குழுவும் அதற்கு உடன்பட்டுக் கையெழுத்திட்டிருக்கிறது. நாம் உரியோரை அழைத்து விசாரித்தோம். பேசியோர் பேச்சைப் பேசியபடியே பதிவது நம் மன்றத்தின் வழக்கம் ஆதலால், இவ்வோலையில் ஆங்காங்கே மடைப்பள்ளிப் பேச்சும் கரைப் பேச்சும் கேட்கும். முதல்வர் பொறுத்தருள்க.

கொற்றி பேசுவதற்குக் கூச்சப்படுபவள். நம் மன்றத்திலும் தரையைப் பார்த்தே பேசினாள். தரை ஈரமாக இருந்ததால் அதன் காரணத்தை ஆராய்கிறாள் என்று முதலில் எண்ணினோம். பிறகுதான் அது இயல்பு என்று அறிந்தோம். அவள் சொன்னதன் சாரம் இது. ஏரி நிறையும்போது மதகின் கல் மெல்ல ஒலிக்கும். உள் துளைத்த மூங்கிலின் ஒரு முனையைக் கல்லில் வைத்து மறுமுனையில் காதை வைத்தால் அது கேட்கும். நீர்ச்சாலையின் பயிற்சிக் குளத்தில் அவள் இதைப் பலநாள் கேட்டிருக்கிறாள். ஒருமுறை அந்தக் குளத்தின் கரை உடைந்தது. உடைவதற்கு முந்திய நாள் ஒலி மாறியிருந்தது. ஏறியதா இறங்கியதா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் வார்த்தையிலேயே சொன்னால், "எனக்குச் சுருதி சுத்தமா பிடிபடாதுங்க. மாறிச்சுன்னு தெரியும். என்னவா மாறிச்சுன்னு தெரியாது."

கரை உள்ளுக்குள் அரிக்கப்படுவதை வெளியே தெரியும் முன்பே காதால் அறிய முடியுமா என்பதே அவளுடைய வினா. அதற்கு நீரை அறிந்த ஒருவரும் சுருதியை அறிந்த ஒருவரும் ஒரு மழைக்காலம் முழுதும் ஒரே மதகின் அருகே அமர வேண்டும். அதற்கு அவள் விரும்பிய இடம் பேராவியின் தென்மதகு. அதன் கீழே தாழையூர் இருக்கிறது. அவ்வூரின் வீடுகள் மதகின் வாயைவிடத் தாழ்வானவை.

உம் மடைப்பள்ளியில் ஒவ்வொரு சாலையாரும் தத்தம் வரிசையில் அமர்ந்தே உண்பர் என்பது முதல்வர் அறிந்ததே. நீர்ச்சாலை வரிசை முடியும் இடத்தில் இசைச்சாலை வரிசை தொடங்குகிறது. கொற்றி தன் வரிசையின் கடைசி இலையில் அமரத் தொடங்கினாள். பக்கத்து இலையில் யாழாசிரியன் சேந்தன் அமர்வது வழக்கம். பல வேளை உணவு அவள் வாய் திறவாமலே முடிந்தது. ஒருநாள் மோர் ஊற்றும்போது கேட்டுவிட்டாள்.

"தண்ணி சத்தத்துக்குச் சுருதி சொல்லுவீங்களா?"

சேந்தன் தன் குவளையைக் காதருகே வைத்துப் பார்த்ததாகச் சொல்கிறான். "இது மோரு. கொஞ்சம் புளிச்ச சுருதி. தண்ணி எங்க இருக்கு?"

"பேராவில."

"மழைக்காலத்திலயா? அம்மணி, எனக்குப் பனி பட்டாலே தும்மல் வரும்."

"குடிசை கேட்டு எழுதலாம்" என்றாள் கொற்றி.

கூட்டுக்கொடை இவ்வாறுதான் இவ்வழக்கினுள் வருகிறது. அக்கொடையை வகுத்தவர் நாமே. ஆறு சாலையாரும் ஒரே கிணற்றில் நீர் இறைத்தும் தம்முள் பேசுவதில்லை என்று கேள்விப்பட்டு, இருவேறு சாலையார் கூடிச் செய்யும் ஆய்வுக்கு மட்டுமே அது வழங்கப்படும் என்று விதித்தோம். விண்ணப்பம் ஒரே சுவடியாக, ஒரே கயிற்றில் கோத்து வரவேண்டும் என்பதும் நம் விதி. எழுதியபோது அது அழகாகத் தோன்றியது.

இருவரும் கேட்டவை மிகையில்லை. மழைக்காலம் முழுதும் பாடம் நடத்துவதிலிருந்து விடுப்பு, மதகருகே ஒரு குடிசை, இருவர்க்கு உணவு, நீண்ட மூங்கில், சுருதி ஒப்பிட ஒரு யாழ். கடைசியதுதான் கடினம் என்று சேந்தன் முன்பே எச்சரித்திருக்கிறான். இசைச்சாலை யாழ் எதுவும் மழையில் வாசலைத் தாண்டக் கூடாது என்று அதன் தலைவர் உதியனார் கட்டளையிட்டிருக்கிறார்.

நீர் பற்றியதைக் கொற்றி நீர்ச்சாலை ஓலையில் எழுதினாள். பயிற்சிக் குளத்தில் ஒருமுறை கேட்டுப் பார்த்துவிட்டு, சுருதி பற்றியதைச் சேந்தன் இசைச்சாலை ஓலையில் எழுதினான். எழுதி முடித்துக் கோக்க அமர்ந்தபோதுதான் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருக்கின்றனர். நீர்ச்சாலை ஓலைக்கு இருமுனையிலும் துளை. இசைச்சாலை ஓலைக்கு நடுவில் ஒரே துளை. பிற சாலையார் தம் ஓலையைக் களவாடித் தம் சுவடியில் சேர்த்துக்கொள்ளாதிருக்க முன்னோர் செய்த ஏற்பாடு இது என்று அறிகிறோம். ஆறு சாலைக்கும் ஆறு விதத் துளை. ஒரே கயிறு என்று நாம் விதித்தபோது இதை நம்மிடம் யாரும் சொல்லவில்லை. அக்கொடை வகுத்த நாள்முதல் ஏன் ஒரு விண்ணப்பமும் வரவில்லை என்பது இப்போது விளங்குகிறது. சாலையாருக்கு அதில் ஆர்வமில்லை என்று இத்தனை ஆண்டும் வருந்திக்கொண்டிருந்தோம்.

பிற சாலை ஓலையில் துளையிடுவது குற்றம். ஆகவே கொற்றி இரு கட்டுகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து வெளியே கயிற்றைச் சுற்றி முடிச்சிட்டாள். குழுவின் ஓலைக்காப்பாளர் முடிச்சை அவிழ்த்தார். உள்ளே இரு சாலை ஓலைகள் இருக்கக் கண்டு, யாரோ தவறிச் சேர்த்துவிட்டார்கள் என்று நல்லெண்ணத்துடன் பிரித்து, நீர் ஓலைகளை நீர்ச்சாலைக்கும் இசை ஓலைகளை இசைச்சாலைக்கும் மதிப்பீட்டுக்கு அனுப்பினார்.

வில்லவனார் தமக்கு வந்த பாதியைப் படித்தார். அதில் மதகருகே அமர்ந்து கேட்க வேண்டும் என்று இருந்தது. எதைக் கேட்பது என்று இல்லை. மேலும் பேராவிக் கரையைக் கடந்த கோடையில் செப்பனிட்டவர் அவரே. அவர் எழுதிய மதிப்புரை சுருக்கமானது: "யாம் செப்பனிட்ட கரை ஒலிப்பதில்லை." உதியனாருக்கு வந்த பாதியில் ஓர் ஒலி உழை என்னும் சுரத்தில் நின்று ஒருவேளை கைக்கிளைக்கு, அதாவது ஒரு சுரம் கீழே, இறங்கலாம் என்று இருந்தது. பாடுபவர் யார் என்று இல்லை. "பாடுபவர் இறங்காதிருக்கப் பயிற்சி பெறட்டும்" என்று அவர் எழுதினார்.

பிறகு ஆறு சாலைத் தலைவரும் அடங்கிய குழு கூடியது. கொற்றி குழுமுன் நின்று விளக்கும்படி அழைக்கப்பட்டாள். அவள் குரல் எழவில்லை என்று குழுவின் குறிப்பே கூறுகிறது. மருத்துவச்சாலைத் தலைவர், விண்ணப்பித்தோரின் காதுகள் சோதிக்கப்பட்டனவா என்று வினவினார். வானச்சாலைத் தலைவர், இரு சாலை கூடுவது நன்றெனில் மூன்று கூடுவது இன்னும் நன்றன்றோ என்றும், தம் பெயரைச் சேர்த்தால் குடிசையைச் சற்றுப் பெரிதாகக் கேட்கலாம் என்றும் கூறினார். இறுதியில் விண்ணப்பம் ஒரே கயிற்றில் இல்லை என்பதால் ஏற்கப்படவில்லை; மழைக்காலம் முடிந்தபின் செம்மையாகக் கோத்து மீண்டும் அளிக்கலாம் என்று முடிவாயிற்று.

வெளியே நின்றிருந்த சேந்தன் என்னவாயிற்று என்று கேட்டான்.

"மழை முடிஞ்சப்புறம் மழையைக் கேக்கலாமாம்."

"நல்லதாப் போச்சு. தும்மல் மிச்சம்" என்றானாம் அவன். அவள் மூங்கிலைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்ததைக் கண்டு, பின்னாலேயே போயிருக்கிறான். ஏன் போனாய் என்று மன்றத்தில் கேட்டோம். "தெரியலைங்க. மூங்கிலு ரொம்ப நீளம். திரும்புற எடத்துல எல்லாம் இடிச்சுக்கிட்டே போனாங்க. பின்னால ஒரு ஆளு புடிச்சாத் தேவலைன்னு தோணுச்சு" என்றான்.

பாடமில்லாத வேளைகளில் இருவரும் தென்மதகுக்குப் போனார்கள். குடிசை இல்லாததால் தாழங்குடையின்கீழ் அமர்ந்தார்கள். யாழ் இல்லாததால் சேந்தன் வாயாலேயே சுருதி பிடித்துக்கொண்டான். மதகுக் காவலர் கட்டியன் அவர்களை முதலில் விரட்டினார். பிறகு பழகிவிட்டார். கல்லில் காது வைத்துப் பாட்டு முணுமுணுக்கும் ஆணையும், அருகே அமர்ந்து நீர்மட்டம் பார்க்கும் பெண்ணையும் கண்டு தாழையூரார் என்ன பேசினார்கள் என்பதை இங்கே எழுதவில்லை. "ஊரு என்ன பேசுதுன்னு தெரியுமா உங்களுக்கு?" என்று கட்டியன் கேட்டபோது, "கல்லு பேசுறதே சரியாக் கேக்கல. செத்த நகருங்கய்யா" என்றானாம் சேந்தன்.

ஏரி நிறைந்தது. ஒலி உழையில் நின்றது. நாளுக்கு நாள் அது மாறாமலே இருந்ததில் கொற்றிக்கு ஐயம் தோன்றியது. தான் நினைத்தது தவறு, வில்லவனார் சரி என்று எண்ணத் தொடங்கியதாக அவளே நம்மிடம் சொன்னாள். அவ்வாறு எண்ணியதில் வருத்தமில்லை, அதுவும் ஒரு விடையே, ஊருக்கு அதுவே நல்ல விடை என்றாள்.

பெருமழை பெய்த ஒரு நாளில், காலையில் உழையாக இருந்தது நண்பகலில் இல்லை. சேந்தன் மூங்கிலை மாற்றி வைத்துப் பார்த்தான். காதைத் துடைத்துக்கொண்டு பார்த்தான். பிறகு தும்மாமல், கேலி செய்யாமல் சொன்னான். "இறங்கிருச்சு."

"எவ்வளவு?"

"கைக்கிளை. நல்லா உக்காந்துருச்சு."

மோதிரத்துக்கு ஆளனுப்பினால் அந்த ஆள் மருதந்துறை போய்த் திரும்புமுன் பொழுது சாய்ந்துவிடும். கொற்றி கட்டியனிடம் போனாள். அடைப்புக் கட்டையைத் தூக்கி நீரை இறக்க வேண்டும் என்றாள். கட்டியன் சொன்னது மன்றத்தில் பதிவாகியிருக்கிறது.

"அம்மா, தலைவர் மோதிரம் இல்லாம அதுல கைய வச்சா என் வேலையும் போகும் கையும் போகும்."

"வைக்காட்டி ஊரு போகும்யா" என்றான் சேந்தன்.

"நீ பாட்டுக்காரன். நீ சொன்னா மதகு திறக்குமா?"

கொற்றி, "நீங்க தொட வேண்டாம்" என்றாள். மதகின் மேடையில் ஏறித் தூக்குக்கழியைப் பிடித்தாள். அவளால் அதை அசைக்க முடியவில்லை. சேந்தனும் ஏறினான். இருவராலும் முடியவில்லை. கட்டியன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றபடியே பார்த்திருந்தார். சற்றுக் கழித்து அவர் சொன்னார்: "நான் தொடல. இப்பவும் சொல்றேன், நான் தொடல. ஆனா நீங்க எதிர்ப்பக்கமா அழுத்துறீங்க."

மதகு திறந்தது. நீர் கால்வாயில் கொள்ளாமல் வழிந்து, தாழ்வான இடத்தைத் தேடிப் போயிற்று. அது வில்லவனாரின் வாழைத்தோப்பு. இதில் அவர் கூறியது முற்றிலும் உண்மை. தோப்பை நாமே பார்த்தோம். குலைகள் மட்டும் வெளியே தெரிந்தன.

கரை உடையவில்லை. தாழையூரார் மறுநாள் சமைத்து உண்டனர்.

அதன்பின் கொற்றி மீண்டும் விண்ணப்பித்தாள். ஓலைகளை வெளிச்சந்தையில் துளையில்லாமல் வாங்கி, நடுவிலும் இருமுனையிலுமாக மூன்று துளை தானே இட்டு, ஒரே கயிற்றில் கோத்தாள். இம்முறை குழு முழுவதையும் படித்தது. ஆய்வு சிறந்தது, புதியது, இரு சாலையும் செவ்வனே கூடியது என்று அறுவரும் ஒருமனதாக எழுதினர். பின்னர், தொடங்கிவிட்ட பணிக்குக் கொடை வழங்கக் கூடாது என்ற விதியைச் சுட்டி மறுத்தனர். அதே அமர்வில், அவளைச் சாலையிலிருந்து விலக்கும் முறையீட்டிலும் கையெழுத்திட்டனர். இவ்விரண்டும் ஒரே ஓலையின் முன்புறமும் பின்புறமுமாக நமக்கு வந்தன. ஓலையைச் சிக்கனமாகப் பயன்படுத்தியதைப் பாராட்டுகிறோம்.

வில்லவனார் நம் மன்றத்தில் ஒரு வாதம் வைத்தார். கரை உடைந்திருந்தால் கொற்றி சொன்னது மெய் என்று ஒப்பலாம், உடையவில்லை, ஆகவே உடைந்திருக்கும் என்பதற்குச் சான்றில்லை என்றார். இதைக் கேட்டு மன்றத்தார் சினந்தனர். கொற்றி மட்டும் தலையசைத்தாள். "ஐயா சொல்றது சரிதாங்க. ஒரு மழைக்காலம் போதாது. இன்னும் பல தடவை கேக்கணும்" என்றாள். தன்னை விலக்கக் கேட்டவரின் வாதத்துக்கு உடன்பட்ட ஒருத்தியை இம்மன்றம் இதற்குமுன் கண்டதில்லை.

ஆயினும் நாம் அரண்மனைத் தச்சரைக் கரைக்கு அனுப்பினோம். நீர் இறங்கியபின் கரையின் வெளிப்புறத்தில் ஒரு முறம் அளவு ஈரம் தெரிந்தது. அது மழை ஈரம் என்று வில்லவனார் விளக்கினார். தச்சர் தம் அளவுகோலை அதில் செருகிப் பார்த்தார். கோல் முழுதும் உள்ளே போயிற்று. வெளியே வரவில்லை. தச்சருக்கு வேறு கோல் வழங்கப்பட்டது. அதைக் கண்ட வில்லவனார், அந்த ஒலியைத் தமக்கும் கேட்கக் கொடுக்க இயலுமா என்று கொற்றியிடம் தாழ்ந்த குரலில் கேட்டார். அதையும் பதிந்தோம். அது அவருக்குப் பெருமையே.

இனி நம் தீர்ப்பு.

கூட்டுக்கொடைக் குழு விதிப்படியே நடந்தது. தொடங்கிய பணிக்குக் கொடை இல்லை என்பது விதி. அதை நாம் மீறோம். கொற்றிக்குக் கொடை இல்லை.

மோதிர ஆணை இன்றி அரச மதகைத் திறந்தது குற்றம். கொற்றியே அதை ஒப்பினாள். அக்குற்றத்துக்கு நம் முன்னோர் விதித்த தண்டனை ஒன்று உண்டு. அது நெடுங்காலமாக எவர்க்கும் வழங்கப்படாததால் முதல்வர் மறந்திருக்கக்கூடும். திறந்தவர் மழைக்காலம் முழுதும் அம்மதகின் அருகிலேயே காவலில் இருக்க வேண்டும். அக்காலத்தில் வேறெந்தப் பணியும் செய்யக் கூடாது. பாடம் நடத்தவும் கூடாது. தங்கக் குடிசையும் உண்ண உணவும் அரண்மனை அளிக்கும். உடன் நின்று உதவியவர்க்கும் அதே தண்டனை. குற்றத்துக்குப் பயன்பட்ட கருவி எதுவாயினும் கைப்பற்றப்பட்டுக் குற்றம் நிகழ்ந்த இடத்திலேயே வைக்கப்படும்.

கொற்றிக்கும் சேந்தனுக்கும் இத்தண்டனையை முழுமையாக விதிக்கிறோம். மூங்கில் கைப்பற்றப்படுகிறது. சேந்தன் யாழ் இல்லாமல் வாயால் சுருதி பிடித்தான் என்பது உண்மையே. எனினும் அச்சுருதியை அவன் கற்றது இசைச்சாலை யாழ் ஒன்றில் ஆகையால் அந்த யாழும் கருவியே. உதியனார் அதை உறையோடு ஒப்படைக்க. காவலர் கட்டியன் எதையும் தொடவில்லை என்று அவரே பலமுறை கூறியதால் விடுவிக்கப்படுகிறார். வில்லவனாரின் வாழைக்கு ஈடு அரண்மனை தரும். கரையை அவர் மீண்டும் செப்பனிடுக. செப்பனிட்டபின் காவலிலிருக்கும் குற்றவாளிகளை அவர் எப்போது வேண்டுமானாலும் சென்று காணலாம். வானச்சாலைத் தலைவர் செல்ல வேண்டியதில்லை.

இவ்வோலையை உம் ஆறு சாலையிலும் படித்துக்காட்டி, அவரவர் சுவடியில் கோத்து வைக்கக் கடவீர். ஆறு சாலையின் துளைகளும் இதில் இடப்பட்டுள்ளன. எழுத இடம் குறைந்ததற்கு அதுவே காரணம். இனிப் பெருஞ்சாலையின் ஓலைகள் யாவும் ஒரே விதத் துளை உடையனவாகுக.

தீர்ப்பைக் கேட்டபின் ஏதேனும் சொல்ல உண்டா என்று கொற்றியை வினவினோம். சேந்தன் தும்மினான். கொற்றி தரையைப் பார்த்தபடியே ஒன்று கேட்டாள்.

"அடுத்த மழைக்கும் இருக்கணும்னா மறுபடி விண்ணப்பம் எழுதணுங்களா?"

வேண்டியதில்லை, பேராவியில் நீர் நிற்கும் ஆண்டெல்லாம் தண்டனையும் நிற்கும் என்று மன்றம் கூறியது. அவள் தலை நிமிர்ந்து நம்மைப் பார்த்தது அப்போதுதான்.

இது நம் ஆணை. கரைமண்ணில் பதித்த நம் முத்திரை இதன்கீழ் இடப்பட்டது. மண் காயுமுன் செயற்படுத்துக. கரை நிற்க.